மெய்நிகர் ஆய்வகமும் விரிவுரையாளரும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் பழமொழி. பொறியியலும் மருத்துவமும் கற்பிக்கும் பல்கலைக் கழக ஆசிரியர்க்கு இதன் உண்மை நாள்தோறும் புலப்படும். மின்சுற்றின் விதிகளைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவன், ஒரு சுற்றைத் தன் கையால் இணைக்கச் சொன்னால் திகைத்து நிற்பான். உடற்கூற்று நூலின் படங்களை நெட்டுருச் செய்த மாணவி, திறந்து வைத்த உடலின்முன் எது நரம்பு, எது நாளம் எனத் தடுமாறுவாள். செல்வ நாடுகள் ஆய்வகங்களைக் கட்டியும் கருவிகளை வாங்கியும் இக்குறையை ஓரளவு தீர்த்துக்கொண்டன. அதற்கு இயலாத நாடுகள் என்ன செய்வது? ஏட்டில் உள்ள சுரைக்காயையே கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்படி செய்துவிட்டால் என்ன என்ற விடை இப்போது கூறப்படுகிறது. அதற்கு மெய்நிகர்க் கல்வி என்று பெயர். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள பல்கலைக் கழக ஆசிரியர் கைக்கு அது வந்தபோது என்ன ஆயிற்று என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ என்பதை மாயத் தோற்றம் என மொழிபெயர்த்தாரும் உளர். மாயம் என்றால் பொய் என்ற பொருளும் உடன் ஒட்டிக்கொண்டு வரும். ஆதலின் மெய்நிகர் என்ற சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது. மெய்யை நிகர்த்தது என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. இத்துறையில் இரண்டு பண்புகள் அடிக்கடி பேசப்படும். ஒன்று தோய்வு. சாயத்தில் துணி தோய்வதுபோலக் காண்பவன் காட்சிக்குள் தோய்ந்துவிடுதல். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும், தான் இருக்கும் அறை மறந்துபோகும். மற்றொன்று ஊடாட்டம். காண்பவன் ஒன்றைச் செய்தால் காட்சி அதற்கேற்ப மாறி விடையிறுத்தல். இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவோர் பலர். அது தவறு. கோளரங்கின் வளைந்த கூரையில் விண்மீன்களைக் காண்பவர்க்குத் தோய்வு உண்டு, ஊடாட்டம் இல்லை. கணினித் திரையில் ஒரு மின்தடையின் அளவை மாற்றி விளக்கொளி கூடுவதையும் குறைவதையும் பார்ப்பவர்க்கு ஊடாட்டம் உண்டு, தோய்வு இல்லை. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

இவ்வெண்ணம் புதிதும் அன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929ஆம் ஆண்டில் பறவாத விமானம் ஒன்றைச் செய்தார். அவருடைய தந்தையார் இசைப்பேழை செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். இசைப்பேழைக்குக் காற்றூட்டும் துருத்திகளைக்கொண்டே அச்சிறு விமானத்தை மகன் சாயவும் திரும்பவும் செய்தார். முதலில் அது கேளிக்கைப் பொருளாகவே கருதப்பட்டது. 1934ஆம் ஆண்டில் அஞ்சல் சுமந்து சென்ற அமெரிக்கப் படை விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்ட பிறகே படைத்துறை அதனை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் இலட்சக் கணக்கான விமானிகள் அதில் பயின்றனர். பின்னர் 1968ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்ற அறிஞர் தலையில் அணியும் காட்சிக் கருவியைச் செய்து காட்டினார். தலை தாங்கமாட்டாத கனம். கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் மடித்த அட்டையும் இரு வில்லைகளும் கொண்ட ‘கார்ட்போர்டு’ என்னும் பெட்டியை வெளியிட்டது. கைப்பேசியை அதனுள் செருகிக் கண்ணருகே வைத்துக்கொண்டால் போதும். சில வெள்ளிக் காசில் மெய்நிகர் வந்துவிட்டது என்று உலகெங்கும் கல்வித் துறையினர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி எவ்வளவு நாள் நீடித்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒரே கருவி, பல நாட்டு மாணவர்

வளர்முக நாடுகளின் பல்கலைக் கழகங்களில் இத்துறை பரவிய வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது தலைக்கவசக் கதை அன்று. ஒரு கருவியைத் தொலைவிலிருந்து இயக்கிய கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெசூஸ் டெல் அலமோ என்ற பேராசிரியர் நுண்மின்னணுவியல் கற்பித்து வந்தார். டிரான்சிஸ்டரின் இயல்புகளை அளக்கும் கருவி விலை மிகுந்தது. வகுப்பிலுள்ள எல்லாரும் அதனைத் தொட்டுப் பயில்வது இயலாது. 1998ஆம் ஆண்டில் அவர் அக்கருவியை இணையத்தோடு இணைத்தார். மாணவர் தம் அறையிலிருந்தே, நள்ளிரவிலும், உண்மையான டிரான்சிஸ்டர் ஒன்றை அளக்கலாயினர். ‘ஐலேப்’ என்று பெயர் பெற்ற திட்டம் இதிலிருந்து வளர்ந்தது.

இது எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர் திரையில் இன்ன முனையில் இவ்வளவு மின்னழுத்தம், இவ்வளவு இடைவெளியில் ஏற்றுக என்று குறிப்பார். அக்குறிப்பு ஒரு சிறு எழுத்துக் கோப்பாகக் கருவி இருக்கும் இடத்திற்குச் செல்லும். அங்கே வரிசையில் நிற்கும். முறை வந்ததும் கருவி நொடிப் பொழுதில் அளந்து எண்களைத் திருப்பி அனுப்பும். வரைகோட்டை மாணவருடைய கணினியே வரைந்துகொள்ளும். அளக்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே ஒரே கருவி நாளெல்லாம் எண்ணற்றவர்க்குப் பணிசெய்ய இயலும். கம்பியிலோ விண்வழியிலோ செல்வதும் சில எழுத்துகளும் எண்களுமே. படமும் ஒலியும் செல்வதில்லை. இணைய இணைப்பு நூலிழைபோல் இருக்கும் இடத்திலும் இம்முறை இயங்கும்.

அத்தகைய இடங்களுக்கே அது சென்றது. உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக் கழகம், நைஜீரியாவில் இலே இஃபே நகரிலுள்ள ஒபாபெமி அவொலொவொ பல்கலைக் கழகம், தான்சானியாவின் தாருஸ்ஸலாம் பல்கலைக் கழகம் ஆகிய மூன்றும் இத்திட்டத்தில் சேர்ந்தன. அமெரிக்காவின் கார்னகி அறநிறுவனம் பொருளுதவி செய்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு ஆழ்கடல் இழைக் கம்பி 2009ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன்னர் அப்பகுதிப் பல்கலைக் கழகங்கள் விண்கோள் வழியாகப் பெருஞ்செலவில் சிறிதளவு இணைப்பையே பெற்று வந்தன. அந்நிலையில் பிற நாட்டு விரிவுரைகளைப் படமாகக் காண்பதைவிடச் சில எண்களை அனுப்பி ஓர் உண்மைக் கருவியை இயக்குவதே அறிவுடைமை.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. அதனையே ஆசிரியர் பெருமக்கள் கருதவேண்டும். தொலைவிலுள்ள அமெரிக்கக் கருவியைப் பயன்படுத்துவதோடு அவ்விரிவுரையாளர்கள் நின்றுவிடவில்லை. ‘எல்விஸ்’ என்னும் பெயருடைய மேசைக் கருவி ஒன்று கிடைத்தது. மின் வழங்கி, அலைகாட்டி, அலையாக்கி முதலியன ஒரே பெட்டியில் அடங்கியது அது. அதனைக்கொண்டு இலே இஃபேயில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து, மின்குறியைப் பெருக்கும் சிறு சில்லினை ஆராயும் தொலை ஆய்வகம் ஒன்றைத் தாமே அமைத்தனர். மக்கரேரேயில் தொலைத்தொடர்புப் பாடத்திற்கு வேண்டிய சோதனைகளை அமைத்தனர். தம் பாடத்திட்டத்தில் எது உள்ளதோ அதற்கேற்ற சோதனை; தம் தேர்வில் எது கேட்கப்படுமோ அதற்கேற்ற கேள்வி. அமைக்கும் பணியே இறுதியாண்டு மாணவர்க்கு ஆய்வுத் திட்டமாகவும் ஆயிற்று. கருவி கெட்டால் அதனைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அதே கட்டடத்தில் இருந்தார்.

இதனை மற்றொரு முயற்சியோடு ஒப்பிடலாம். உலக வங்கி 1997ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மெய்நிகர்ப் பல்கலைக் கழகம் என ஒன்றைத் தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் வெளிநாட்டுப் பேராசிரியர்களின் விரிவுரைகள் விண்கோள் வழியாக ஒலிபரப்பப்பட்டன. உள்ளூர் ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து உதவுவார். நல்ல நோக்கம், ஆயினும் அவ்வமைப்பில் உள்ளூர் விரிவுரையாளர் யார்? திரையை இயக்கிவைப்பவர். 2000க்குப் பின் அந்நிறுவனம் நைரோபிக்கு மாறி, ஆப்பிரிக்க அரசுகளின் கூட்டமைப்பாகி, உள்ளூர்ப் பல்கலைக் கழகங்களோடு பாடங்களை உருவாக்கும் வழிக்கு வந்தது. கசந்த பிறகே அவ்வழி தெரிந்தது என்று சொல்வது மிகையாகாது.

இந்திய ஆய்வகங்கள்

இந்தியாவில் இதே தேவை வேறு வடிவில் எழுந்தது. 1990களுக்குப் பின் பொறியியற் கல்லூரிகள் புற்றீசல்போல் பெருகின. கட்டடம் எழுந்த வேகத்தில் ஆய்வகம் நிறையவில்லை. ஒரு கருவியைச் சுற்றி எட்டுப்பேர் நிற்பர்; ஒருவர் தொடுவார், ஒருவர் எழுதுவார், மற்றவர் மறுநாள் பார்த்து எழுதுவர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘ரெக்கார்டு நோட்டு’ என்று வழங்கும் ஆய்வுப் பதிவேடு, மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவர்க்கு வழிவழியாக வரும் செல்வம் என்பதைப் படித்தவர் அறிவர்.

2009ஆம் ஆண்டில் இந்திய நடுவணரசு, தகவல் தொழில்நுட்ப வழிக் கல்விக்கென ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்கீழ் எழுந்ததே மெய்நிகர் ஆய்வகத் திட்டம். தில்லியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தலைமையேற்றது. மும்பை, கான்பூர், கரக்பூர், குவாஹாத்தி, ரூர்க்கி ஆகிய இடங்களிலுள்ள அதே பெயர்க் கழகங்களும், ஐதராபாத்து அனைத்துலகத் தகவல் தொழில்நுட்பக் கழகமும், கோவையை அடுத்த எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக் கழகமும், வேறு சில நிலையங்களும் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களையும் அவற்றில் பல நூறு சோதனைகளையும் இணையத்தில் இலவசமாக வைத்தன. ஒவ்வொரு சோதனைக்கும் நோக்கம், கொள்கை, முன்தேர்வு, செய்முறை, செயற்காட்சி, பின்தேர்வு என்று ஒழுங்கான அமைப்பு உண்டு. பெரும்பாலானவை கணினியே கணக்கிட்டுக் காட்டும் செயற்காட்சிகள். சிலவற்றில் மட்டும் மாணவர் சொடுக்கியதும் எங்கோ ஓர் ஆய்வகத்தில் உண்மையான கருவி இயங்கும்.

மற்ற கல்லூரிகள் கிளை மையங்களாகச் சேரலாம். அங்கே ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருந்து பயிற்சி பெற்றுத் தம் சக ஆசிரியர்க்குப் பயிற்சி தருவார். ஏடு அளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. நடைமுறையில் ஒரு கேள்வி எழுகிறது. கல்லூரி ஆசிரியர் பாடத்திட்டத்தை வகுப்பவர் அல்லர். இணைக்கும் பல்கலைக் கழகம் வகுக்கிறது. ஆய்வுத் தேர்வை நடத்துபவர் வெளியிலிருந்து வருபவர். அவர் பதிவேட்டைப் புரட்டிக் கையொப்பம் இட்டு, மேசைமேல் உள்ள கருவியில் ஒரு சோதனையைச் செய்யச் சொல்வார். மெய்நிகர் ஆய்வகத்தில் மாணவர் ஐம்பது முறை தவறு செய்து கற்றதற்கு அத்தேர்வில் இடமில்லை. மதிப்பெண்ணில் சேராததை மாணவர் செய்வதும் அரிது, ஆசிரியர் வற்புறுத்துவதும் அரிது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது இவ்வாய்வகங்கள் திடீரெனப் பேரளவில் பயன்பட்டன. வேறு வழியே இல்லாதபோது அனைவரும் வந்தனர். பூட்டுத் திறந்ததும் பழைய பதிவேடும் திறந்தது.

செயற்காட்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அதில் பிழை நேராது. ஊசலின் அலைவு நேரம் சூத்திரப்படியே வரும். மின்தடை வெப்பத்தால் மாறாது. கம்பி இணைப்பு தளராது. உண்மை ஆய்வகத்தில் மாணவர் பெறும் அறிவில் பாதி, ஏன் விடை வரவில்லை என்று தேடுவதில் கிடைப்பது. ஆகவேதான் உண்மைக் கருவியைத் தொலைவிலிருந்து இயக்கும் முறையை நான் உயர்வாகக் கருதுகிறேன். அது இல்லாத இடத்தில் செயற்காட்சியையும் பயனுள்ளதாக்க வழி உண்டு. பொத்தானை அழுத்தும் முன்னர், என்ன நடக்கும் என்று மாணவர் எழுதித் தரவேண்டும் என ஆசிரியர் கட்டளையிட்டால் போதும். எழுதியதும் கண்டதும் மாறுபடும்போது அங்கே பாடம் தொடங்குகிறது. இதற்குத் தனி மின்பொருள் வேண்டுவதில்லை. அரைத் தாள் வேண்டும்.

தோய்ந்தால் கற்பாரா?

இனித் தலைக்கவசத்திற்கு வருவோம். தோய்வு மிகுந்தால் கல்வியும் மிகும் என்பது விற்பனையாளர் கூற்று. ஆராய்ச்சியாளர் கண்டது சற்று வேறு. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோசலின் பரோங், ரிச்சர்டு மேயர் ஆகிய இருவரும் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உடலின் இரத்த ஓட்டத்தையும் உயிரணுக்களையும் பற்றிய ஒரே பாடத்தை ஒரு சாரார்க்கு மெய்நிகராகவும் மறு சாரார்க்குச் சாதாரணப் படவில்லைக் காட்சியாகவும் கற்பித்தனர். மெய்நிகரில் பயின்றவர் ஆர்வம் மிகுதியாக இருந்தது என்றனர். தேர்வில் படவில்லைக் காரரே மேலாக விளங்கினர். மறு ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த கைடோ மக்ரான்ஸ்கி, மேயர் முதலியோருடன் சேர்ந்து மற்றோர் ஆய்வை வெளியிட்டார். பல்கலைக் கழக மாணவர் 52 பேர், ஓர் ஆய்வகச் செயற்காட்சியைச் சிலர் மேசைக் கணினியிலும் சிலர் தலைக்கவசத்திலும் கண்டனர். மூளையின் மின்னலைகளும் அளக்கப்பட்டன. கவசம் அணிந்தவர் தாம் அவ்வாய்வகத்தினுள்ளேயே இருந்ததாக உணர்ந்தனர், கற்றது குறைவு, மூளைக்கு ஏறிய சுமை மிகுதி.

ஏன் இவ்வாறு? காண வேண்டியவை எல்லாத் திசையிலும் இருக்க, கருத்து எங்கே நிற்கும்? திருவிழாவிற்குப் போன குழந்தையிடம் தேரின் சக்கரங்கள் எத்தனை என்று கேட்பதுபோல் ஆகும் அது. அன்றியும் மெய்நிகர்க் காட்சி தன் வேகத்தில் ஓடுகிறது. நின்று சிந்திக்க இடம் தருவதில்லை.

முன்சொன்ன பரோங், மேயர் ஆய்வின் இரண்டாம் பகுதி இதைவிடப் பயனுள்ளது. அதே மெய்நிகர்ப் பாடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, கண்டதைத் தம் சொற்களில் சுருக்கி எழுதுமாறு ஒரு சாராரைக் கேட்டனர். அவர்கள், நிறுத்தாமல் கண்டவர்களைவிட நன்கு கற்றனர், ஆர்வமும் குறையவில்லை. நிறுத்துபவர் யார், எங்கே நிறுத்துவது, எதனைச் சுருக்கச் சொல்வது என்று பார்த்தால் ஆசிரியர் மீண்டும் அறைக்குள் வந்துவிடுகிறார். கருவி வந்தால் ஆசிரியர் வேலை குறையும் என்று கணக்கிட்ட கல்வி அமைச்சுகள் இதைக் கவனிக்கவேண்டும். இவ்வாய்வுகள் செல்வ நாடுகளில் நடந்தவை என்பது உண்மையே. ஆயினும் பொருள் குறைந்த நாட்டில், பயன் ஐயத்திற்குரிய கருவிக்குச் செலவிடும் உரிமை இன்னும் குறைவன்றோ?

தோய்வே பாடமாக அமையும் இடங்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகப் பேராசிரியர் ஜெரமி பெயிலன்சன், மெய்யாகச் செய்தால் ஆபத்தானது, இயலாதது, தீங்கு தருவது, பெருஞ்செலவானது ஆகிய நான்கினுக்கே மெய்நிகரைக் கொள்க என்கிறார். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக் கழகத்தில் 2015ஆம் ஆண்டில், கும்பா இரும்புத் தாது நிறுவனத்தின் உதவியோடு, சுரங்க அமைப்புக்கான மெய்நிகர் மையம் ஒன்று திறக்கப்பட்டது. வட்டமாகச் சூழ்ந்த திரையின் நடுவில் மாணவர் நிற்பர். பாறை எங்கே பிளவுறும், தாம் நிற்குமிடம் பாதுகாப்பானதா என்பது அங்கே பாடம். அப்பாடம் இடத்தைப் பற்றியதே ஆகையால் இடத்தினுள் நிற்பது பொருந்தும். மாணவர் குழுவைப் பூமிக்கடியில் இறக்கி மேற்கூரை இடிவதைக் காட்ட எந்த விரிவுரையாளரும் துணியார். மேலும் அங்கே பலர் ஒன்றாக நின்று, ஆசிரியரோடு பேசியபடி காண இயலும். ஆளுக்கொரு கவசத்தினுள் தனித்தனியே அடைபடுவதில்லை. இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். வகுப்பு என்ற ஒன்று இருக்கிறதா, கலைந்துவிட்டதா என்பது இதில் அடங்கியுள்ளது.

நிலையாமை

கூகுள் அட்டைப் பெட்டியைப் பின்னர்க் காண்போம் என்றேன். அதனுடன் ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ என்ற ஒரு செயலியும் வந்தது. ஆசிரியர் வழிகாட்ட, வகுப்பு முழுவதும் பவளப் பாறைக்கோ பழைய நகருக்கோ மெய்நிகர்ப் பயணம் செல்லலாம். அதனைக்கொண்டு பாடங்களை அமைத்த ஆசிரியர் பல நாடுகளில் இருந்தனர். 2021ஆம் ஆண்டில் நிறுவனம் அட்டைப் பெட்டி விற்பனையையும் அச்செயலியையும் நிறுத்திக்கொண்டது. இலவசமாகக் கொடுத்தவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார். அதற்குச் சற்று முன், 2020 டிசம்பரோடு அடோபி நிறுவனம் ‘ஃபிளாஷ்’ என்னும் மென்பொருளைக் கைவிட்டது. இந்திய மெய்நிகர் ஆய்வகங்களில் பல சோதனைகள் அதில் எழுதப்பட்டவை. அவற்றைப் புதிய முறையில் மீண்டும் எழுத நேர்ந்தது. ‘ஜாவா’ செருகுகளை இணைய உலாவிகள் 2015ஆம் ஆண்டு முதல் ஒவ்வொன்றாக விலக்கியபோது தொலை ஆய்வகங்களும் இவ்வாறே இடர்ப்பட்டன. ஒரு விரிவுரையாளர் மூன்று ஆண்டு உழைத்து ஒரு பாடத்தைச் செப்பம் செய்கிறார் என்றால், நான்காம் ஆண்டில் அது திறக்குமா என்ற உறுதி அவர்க்கு வேண்டும். பழைய கரும்பலகை இவ்வகையில் எவரையும் ஏமாற்றியதில்லை.

மின்விசையும் இணைப்பும் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மக்களில் இணையம் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 37 பேர் என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மதிப்பிட்டது. நம் சபாவின் உட்பகுதிகளில் 2020ஆம் ஆண்டில் மாணவர் அலைவரிசை தேடி மேட்டிலும் மரத்திலும் ஏறிய செய்தியை நாமே படித்தோம்.

நேரத்தைப் பற்றித்தான் எவரும் பேசுவதில்லை. மெய்நிகர்ப் பாடம் ஒன்றை ஆயத்தம் செய்ய விரிவுரைக்கு ஆகும் நேரம்போல் பன்மடங்கு வேண்டும். அதே நேரத்தில் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினால் பதவி உயர்வுக்கு உதவும். பாடம் அமைத்தால் பெரும்பாலான பல்கலைக் கழகங்களில் உதவாது. சம்பளம் போதாமையால் மாலையில் வேறு கல்லூரியில் கற்பிப்போரும் உளர். நைஜீரியாவில் 2022ஆம் ஆண்டில் பல்கலைக் கழக ஆசிரியர் சங்கம் எட்டுத் திங்கள் வேலைநிறுத்தம் செய்தது. அந்நாட்டு விரிவுரையாளர் புதுமையை விரும்புவதில்லை என்று குறைகூறுவோர் அந்த எட்டுத் திங்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குறைகூறுதற்கு ஒரு வாய்பாடும் உண்டு. ஃபிரெட் டேவிஸ் என்பவர் 1989ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டார். ஒரு கருவி பயன்தரும் என்றும் கையாள எளிது என்றும் ஒருவர் கருதினால் அதனை ஏற்பார் என்பது அது. வெங்கடேஷ் முதலியோர் 2003ஆம் ஆண்டில் அதனை விரித்து, பிறர் தூண்டுதலையும் துணை வசதிகளையும் சேர்த்தனர். இக்கொள்கையின்படி வினாத்தாள் அச்சிட்டு, வளர்முக நாட்டு விரிவுரையாளரிடம் கொடுத்து, மெய்நிகரைப் பயன்படுத்த எண்ணமுண்டா என்று கேட்கும் ஆய்வுகள் மலிந்துவிட்டன. எண்ணம் உண்டு என்று பலரும் குறிக்கின்றனர். எண்ணத்தை அளப்பது எளிது. அடுத்த பருவத்தில் எத்தனை வகுப்பில் பயன்பட்டது, எந்த வகுப்பில் நின்றது, ஏன் நின்றது என்று போய்ப் பார்க்கும் ஆய்வே வேண்டும். அது கால் வலிக்கும் வேலை.

கவசம் ஒன்றே வாங்க இயன்ற துறையில் என்ன செய்யலாம்? ஒருவர் அணியட்டும். அவர் காண்பதை அறையின் சுவரில் ஒளிப்படக் கருவி வீழ்த்தட்டும். மற்ற முப்பத்தொன்பது பேரும் அவர்க்கு வழி சொல்லட்டும்: இடப்புறம் திரும்பு, அந்த நாளத்தைப் பின்தொடர், ஏன் அங்கே போகிறாய்? அணிந்தவர் எதிர்வாதம் செய்வார். ஆசிரியர் இடையில் நிறுத்தி, இதுவரை கண்டதை எழுதுங்கள் என்பார். நாற்பது கவசம் வாங்கிய வகுப்பைவிட இது தாழ்ந்ததென்று நான் நினைக்கவில்லை.

தமிழாசிரியர்க்கு நேரே உரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக் கழகத்தில் ‘பெட்’ என்னும் செயற்காட்சித் தொகுப்பைத் தொடங்கினார். பள்ளிக்கும் பல்கலைக் கழகத்தின் முதலாண்டுகளுக்கும் உரிய இயற்பியல், வேதியியல் சோதனைகள் அதில் உள்ளன. தலைக்கவசம் வேண்டா, ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டா, இலவசம். உலகெங்குமுள்ள ஆர்வலர் அவற்றைத் தத்தம் மொழியில் பெயர்த்து வருகின்றனர். அம்மொழிகளில் தமிழும் ஒன்று. பெயர்ப்போர் திரையிலுள்ள சிறு சிறு பெயர்ச்சீட்டுகளுக்கு மட்டும் தமிழ் தந்தால் போதும்.

அங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டிலும் இங்கேயும் ஓரலகுப் பரப்பின்மேல் ஏற்படும் விசையை அழுத்தம் என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் அதனை அமுக்கம் என்கின்றன. அழுத்தம் என்பது அங்கே மின்சுற்றில் வரும் சொல், நாம் மின்னழுத்தம் என்போமே அது. திரையில் ஒரு குழாய்ப் படத்தின் அருகே அழுத்தம் என்று எழுதினால் யாழ்ப்பாணத்து மாணவர் ஒருகணம் மின்கலத்தைத் தேடுவார். மின்சுற்றின் அருகே வெறுமனே அழுத்தம் என்று எழுதினால் கோலாலம்பூர் மாணவர் காற்றை நினைப்பார். இரு வழக்கையும் அறிந்த ஆசிரியர் இருவர் ஒரு மாலைப் பொழுது கூடி அமர்ந்தால் ஒரு செயற்காட்சிக்கு உரிய சொற்களை முடித்துவிடலாம்.